சாபம் பட்ட வீட்டுக் கோழிகள்: முட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

நதானியல் ஹாதார்ன் 1851இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' நாவலை ஆராய்ந்தவர்கள் பாவம், பரம்பரை, பியூரிட்டன் மனசாட்சி என்று பெரிய இடமாகவே பார்த்துப் பேசிவிட்டார்கள். கொல்லைப்புறக் கோழிகளைச் சீந்துவாரில்லை.

வழக்கின் சுருக்கம் இது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில், நல்ல ஊற்றுள்ள ஒரு மனைமேல் கர்னல் பிஞ்சனுக்குக் கண். மனைக்காரன் மாத்யூ மோலைச் சூனியக்காரன் என்று தூக்கிலேற்றுகிறார்கள். அவன் சபித்துவிட்டுச் சாகிறான். கர்னல் அங்கேயே வீடு கட்டி, கிரகப்பிரவேசத்தன்று நாற்காலியில் பிணமாகிறார். (1692இல் அவ்வூரில் நிஜமாகவே 19 பேர் சூனிய வழக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். விசாரித்தவர்களில் ஒருவர் ஹாதார்னின் எள்ளுத்தாத்தா. ஆகவே சாபத்தைப் பற்றி எழுத ஆசிரியருக்குப் பரம்பரைப் பாத்தியதை உண்டு.)

சாபத்தை எதைக் கொண்டு அளப்பது? பேய்கள் உதவா. செத்துப்போன பிஞ்சன் பெண் ஆலிஸ் ஹார்ப்சிகார்ட் வாசிப்பது முதலான சங்கதிகள் எல்லாமே 'கேட்டதாகச் சொல்கிறார்கள்' ரகம். கோழிகளையோ எண்ணலாம்: சேவல் ஒன்று, பெட்டை இரண்டு, குஞ்சு ஒன்று. முன்னொரு காலத்தில் வான்கோழி கனமிருந்த சாதியாம். முட்டை தீக்கோழி முட்டை போலிருக்குமாம். சாட்சி, பல தலைமுறை கழித்து அவ்வீட்டில் வாழும் பிஞ்சன் வம்சத்து ஹெப்சிபா கிழவி. குடும்பப் பெருமை விஷயத்தில் அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது உத்தமம். இப்போது அவை புறா அளவுதான். வெளிக்கலப்பே கூடாதென்று வம்சச் சுத்தம் பார்த்ததன் பலன். கொண்டைகூட எஜமானியம்மாளின் தலைக்கட்டுச் சாயல். ஒரு காலத்தில் நல்ல ஊற்றாயிருந்து இப்போது மனிதருக்கு ஆகாமற்போன மோல் கிணற்றின் உப்புத்தண்ணீரை இவை ருசித்துக் குடிக்கின்றன.

இந்நிலையில் ஒரு பெட்டை அபூர்வமாக ஒரு முட்டை இடுகிறது. சின்னஞ்சிறு முட்டை, கொக்கரிப்போ ஊரைக் கூட்டுகிறது. அடைக்கு வைத்திருந்தால் வம்சம் தழைத்திருக்கும். ஹெப்சிபா அதை எடுத்துச் சகோதரர் கிளிஃபர்டுக்குக் காலை ஆகாரமாக்கிவிடுகிறார். கர்னல் மனையைப் பிடுங்கியதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம் என்பது எமது துணிபு.

கடைசியில் நீதிபதி ஜாஃப்ரி பிஞ்சனும் அதே நாற்காலியில் மாண்டுபோகிறார். மோல் வம்சத்து ஹோல்கிரேவுக்கும் பிஞ்சன் பெண் ஃபீபிக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. எல்லோரும் நீதிபதியின் நாட்டுப்புற மாளிகைக்குக் குடிபோகிறார்கள். அவர்களுக்கு முன்பே கோழிகள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. பெட்டைகள் இரண்டும் ஓய்வு ஒழிச்சலில்லாமல் முட்டையிடவும் தொடங்கிவிட்டன. இலக்கிய விமர்சகர்கள் இதில் கல்யாணத்தின் மகிமையைக் காண்பார்கள். கோழி வளர்ப்பவர்கள் முதலில் தண்ணீர் மாறியதைத்தான் விசாரிப்பார்கள்.