ஜிப்ஸிக்கு இரிடியம் போடலாமா?

கேள்வி: என் பழைய மாருதி ஜிப்ஸிக்கு இரிடியம் ஸ்பார்க் பிளக் போட்டால் கடற்கரை மணலில் பாயுமா?
– ஒரு வாசகர், செய்யூர்

பதில்: மணலில் பாய வைப்பது டயரும் ஃபோர் வீல் கியரும். அந்தப் பாரத்தைப் பாவம், பிளக்கின் தலையில் ஏற்றாதீர்கள்! இரிடியம் தருவது நீண்ட ஆயுள். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். அதனால்தான் நுனியை ஊசிபோல் மெலிதாக்க முடிகிறது; குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பறக்கிறது. அந்த நுனியில் கேப் கருவியை வைத்து நெம்பினால் போட்ட காசு போச்சு.

உங்களுடையது எந்த இன்ஜின் என்று சொல்லவில்லையே! 1985-இல் வந்த ஜிப்ஸியில் 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், 1996-இல் 1,298 சிசி, 2000-இல் எம்பிஎஃப்ஐ (எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜின்). ‘எல்லா ஜிப்ஸிக்கும் ஒரே பிளக்’ என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். மரை நீளம் அதிகமானால் பிஸ்டனில் இடிக்கும். வெப்ப எண்ணும் பொருந்த வேண்டும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் கூடினால் சூடு! என்ஜிகே 6-க்கு ஏறக்குறைய இணை டென்சோ 20, பாஷ் 7.

உங்கள் ஊர் உப்பளக் காற்று பிளக் வயரையும் தொப்பியையும் அரிக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள். எம்பிஎஃப்ஐ என்றால் இரிடியம் போடுங்கள். கார்புரேட்டர் என்றால் என் ஓட்டு நிக்கலுக்கே: கரி பிடித்தாலும் மலிவாக மாற்றிவிடலாம். எதுவானாலும், கையேட்டிலுள்ள பிளக் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.