தொப்பூர்க் கணவாயில் நின்ற வண்டிகள்

சேலத்திலிருந்து ஓமலூரைத் தாண்டி தர்மபுரிப் பக்கம் ஏறினால் தொப்பூர்க் கணவாய். அந்தச் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 44 என்று பெயர், ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. 2010இல் எண்களை மாற்றும்வரை அது வாரணாசியிலிருந்து வந்த 7ஆம் எண் சாலை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் அது பெங்களூர் ரோடுதான்.

நான் பையனாக இருந்த எழுபதுகளில் அந்த ஏற்றத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டால், கிளீனர் முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். பின்னால் நடந்துபோய்க் கருங்கற்களை வரிசையாக வைத்து, வேலியில் ஒடித்த மரக்கொப்பைச் செருகுவார். டிரைவர் சேலம் போகிற வேறொரு லாரியில் தொற்றிக்கொண்டு சாமான் வாங்கக் கிளம்பியதும் கிளீனர் மூன்று கல் கூட்டி உலை வைத்துவிடுவார். அதற்குள் நாங்கள் பள்ளிக்கூடப் பையை முதுகில் போட்டபடி அங்கே கூடியிருப்போம். வண்டி எந்த ஊர், என்ன பாரம், மாங்காயா மஞ்சளா, எப்போது கிளம்பும் என்று நாங்கள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அவர் சலிக்காமல் பதில் சொல்லுவார். சில சமயம் இரண்டு நாள் ஆகும். பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, "சாப்புட்டியா தம்பி?" என்று விசாரித்துவிட்டுப் போவார். வண்டி கிளம்பும் நாளில் எங்களுக்கு உண்மையாகவே துக்கமாக இருக்கும்.

கட்டி இழுப்பது அதைவிடப் பெரிய காட்சி. முன்னால் ஒரு லாரி, நடுவில் இரும்புச் சங்கிலி, பின்னால் உயிரில்லாத லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு டிரைவர். சங்கிலி தொய்ந்து மறுபடி விறைக்கும்போது வருகிற உதறலில் கொக்கி தெறித்து ஆள்மேல் பட்டுவிடக் கூடாதே என்று மேஸ்திரி எங்களைத் தூரத் துரத்திக்கொண்டே, "மெல்ல... மெல்ல... போலாம் ரைட்!" என்று கத்துவார். பள்ளத்தில் சாய்ந்த வண்டி என்றால் மூன்று கம்பம் நட்டுச் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாகத் தூக்குவார்கள். எதிரே வரும் பஸ்காரர் இறங்கிவந்து ஒரு கை கொடுப்பார், பயணிகளும் தோள் கொடுப்பார்கள். யாருக்கும் கோபம் வந்ததாக நினைவில்லை.

அந்தக் காலத்தை முழுக்கப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. வண்டி கிளம்பின பிறகு கற்களை அப்புறப்படுத்தாமல் போய்விடுவார்கள். இருட்டில் சைக்கிளிலும் மொபெட்டிலும் வந்து அதில் மோதி விழுந்தவர்களை எங்கள் தெருவே அறியும்.

பிறகு நான்குவழிச் சாலை வந்தது. சுங்கச்சாவடியில் கிரேனும் ரோந்து வண்டியும் ஆம்புலன்ஸும் நிற்கின்றன. 1033க்கு அழைத்தால் ஆள் வருகிறார்கள். இரண்டு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. நிச்சயமாக நல்ல மாற்றம். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் பழைய இரண்டு நாளைவிடப் பயங்கரமானது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் பாய்ந்துவிடுகிறது. கிளீனர் கல் வைத்த தூரம் அதற்கு ஒரு நொடிக்குக்கூடப் போதாது. விபத்து நடந்ததும் பின்னால் இரண்டு மைலுக்கு வண்டிகள் அடைத்துக்கொள்ள, மீட்க வேண்டிய கிரேனே அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு, கடைசியில் எதிர்த்திசையில் ஊர்ந்து வர வேண்டியிருக்கிறது.

வண்டிகளும் மாறிவிட்டன. ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கிவிட்டால் பின்சக்கரங்கள் தாமாகப் பிடித்துக்கொள்ளும். வேறு வண்டியிலிருந்து காற்று கொடுத்தோ, பிரேக்கின் ஸ்பிரிங்கை போல்ட்டால் சுருக்கியோ விடுவித்தால்தான் நகரும். இன்ஜின் ஓடாத புதுக் காரில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகக் கனக்கும். ஆட்டோமேட்டிக் கார்களையும் மின்சாரக் கார்களையும் கயிறு கட்டி இழுத்தால் உள்ளே பழுதாகிவிடும், முழுசாகத் தூக்கிவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பாரம் எரிவாயு என்றால் கேட்கவே வேண்டாம்: 2025 ஜனவரி 3ஆம் தேதி கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீரைப் பீய்ச்சியபடியேதான் மீட்பு வேலையைப் பார்த்தார்கள்.

தொப்பூரில் விபத்துக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. டீசல் மிச்சமாகும் என்று தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும் லாரிகள் சில நியூட்ரலில் வருகின்றன. இன்ஜினின் பிடி விட்டுப்போக, மொத்தப் பாரத்தையும் பிரேக் தாங்கிச் சூடேறி, இரட்டைப் பாலத்துப் பக்கம் வரும்போது பிடிக்காமலே போய்விடுகிறது. எத்தனை எச்சரிக்கைப் பலகைகள் வைத்தும் இது நிற்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

போன மாசி மாதம் அங்கே கிரேன் வேலை பார்க்கும் ஒருவரோடு டீ குடித்தேன். "பழைய சங்கிலிக்குத்தான் பயந்தோம் அண்ணே, இப்ப பின்னாடி வர்ற வண்டிக்குத்தான் பயம்" என்றார். அந்த டீக்கடையில் நின்றிருந்த வண்டிக்காரர்களில் ஒருவரும் இன்னொருவரோடு பேசிக்கொள்ளவில்லை என்பதையும் கவனித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு மஞ்சள் லாரிக் கிளீனர் யாரையும் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை, அந்த ரோட்டோரத்தில் அவர்களை நிற்கவிட நானே சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் வண்டி நெடுஞ்சாலையில் நின்றுபோனால் ஓரம் கட்டி, நான்கு பக்க விளக்கையும் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்து, குடும்பத்தோடு தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்றுகொண்டு 1033ஐ அழையுங்கள். இறக்கத்தில் கியரை விடாதீர்கள். மீட்பு வண்டியின் விளக்கு தூரத்தில் சுழல்வது தெரிந்தால் படம் பிடிக்க நிற்காமல், வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு விலகிப் போங்கள். அங்கே குனிந்து சங்கிலி மாட்டுகிறவர் உங்களுக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறார்; நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது.