மாப்ளே, அந்தப் பாட்டிலை இங்கிட்டு நகத்து

மாப்ளே, கிளாஸை அம்புட்டு வேகமாச் சுத்தாத. ஒயினுக்கு மொதல்ல தலை சுத்தும், பொறவு உனக்கு. லேசா ரெண்டு சுத்து போதும், வாசனை மேல கெளம்பி வந்துரும். சுத்துறதே அதுக்குத்தான். நீ என்னடான்னா மூக்கை விட்டுட்டு, கண்ணாடி ஓரத்துல வழியுற சொட்டைப் பாத்து "ஆகா, ஒசத்திச் சரக்கு"ன்னு தலையை ஆட்டுற. ஒயின்ல இருக்குற ஆல்கஹால் தண்ணியை முந்திக்கிட்டு ஆவியாப் போகுது. அதனால ஓரத்து ஈரம் மேல இழுபட்டு, கனம் தாங்காம சொட்டாக் கீழ எறங்குது. போதை கூடுதலா இருந்தா சொட்டும் கூடுதலா எறங்கும். ருசியைப் பத்தி அது வாயே தொறக்காது.

சனிக்கிழமை ராத்திரி உன் ஆபீஸ் பெரியவரும் அவர் வீட்டம்மாவும் சாப்பிட வாராக. நீயும் வாரம் பூரா செல்போனைத் தடவித் தடவி, என்ன ஒயின் வாங்குறதுன்னு கண்ணு பூத்துக் கெடக்க. கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்குக் கீழயே வளந்த தாய்மாமன் ஒருத்தன் உன் சோபாவுல குரங்குக் குல்லாயோட உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலை. சரி, கேக்காட்டியும் சொல்றேன். இந்த லியோன் குளிர்ல எனக்கும் வேற சோலி இல்லை.

மொதல்ல பாட்டிலை ஹீட்டர் பக்கத்துல இருந்து எடு. "செவப்பு ஒயினை ரூம் சூட்டுல குடிக்கணும் மாமா"ங்குற. எந்த ரூமு? அந்தப் பேச்சு பொறந்த காலத்துல இங்க எல்லாம் கல்லு வீடு. அடுப்படியைத் தவிர மத்த எடமெல்லாம் வெறைச்சுக் கெடக்கும். 16, 18 டிகிரி இருந்தாலே பெரிய சூடு. உன் ஹாலு 23 டிகிரி. இதுல வச்சுக் குடிச்சா பழ ருசி படுத்துக்கும், ஆல்கஹால் மட்டும் மூக்குல ஏறும். பால்கனியில ஒரு இருபது நிமிசம் வை. கரண்டு பில்லு இல்லாத ஃப்ரிட்ஜு அது. ராத்திரி பூரா மறந்துபோய் வச்சு கட்டியாக்கிப்புட்டு, மாமா சொன்னாருன்னு எம்மேல பழியைப் போடாத.

அப்புறம் இந்த வெலைச் சமாச்சாரம். நாப்பது ஈரோ பாட்டிலைக் கையில எடுத்தா உனக்குக் குரலே மாறிப்போகுது. பத்து ஈரோ பாட்டிலுன்னா பேச்சே வர மாட்டேங்குது. கண்ணால ருசி பாத்தா என்ன ஆகும்னு கேளு. போர்தோவுல ஒயின் படிப்பு படிக்கிற புள்ளைக 54 பேரை உக்கார வச்சு ஒரு கூத்து நடத்துனாக. 2001-ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு. வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத செவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்து, என்ன வாசனை வருதுன்னு எழுதச் சொன்னாக. செவப்பு ஒயினுக்கு என்னென்ன பழம் சொல்வாகளோ, அதையே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாக. கண்ணு சொன்னதை மூக்கு கேட்டுக்கிருச்சு. அதுக்கும் முன்னாடி, 1976-ல பாரிஸ்ல, லேபிளைக் காட்டாம ஊத்திக் குடுத்து பிரெஞ்சு நடுவர்களையே மார்க் போட வச்சப்ப, செவப்புல மொத எடம் கலிபோர்னியாக்காரனுக்குப் போச்சு. படிச்சவுகளுக்கே அந்தக் கதி. நீ கம்ப்யூட்டர் தட்டுறவன்.

அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மூணு பாட்டிலைப் பேப்பர்ல சுத்தி, உன் வீட்டுக்காரியை ஊத்தச் சொல்லு. தாயி நேர்மையா ஊத்தும். எது கறியோட ஒத்துப்போகுதோ அதை விருந்துக்கு வை. ஒத்துப்போகாதது வீணாப் போயிருமேன்னு வருத்தப்படாத, நான் இருக்கேன். ஆனா ஒண்ணு, வெலை ஸ்டிக்கரைப் பிக்க மறந்த கணக்கா விருந்தாளி பக்கம் திருப்பி வைக்கிற புத்தி உனக்கு உண்டு. அது உங்கப்பா வழி. எங்க பக்கம் யாருக்கும் கெடையாது.

தட்டுல என்ன இருக்குங்குறதுதான் விசயம். செவப்பு ஒயினை வெறும் வாயில வச்சா நாவல்பழம் தின்ன மாதிரி நாக்கு இழுத்துப் பிடிக்குதுல்ல? அதுதான் டானின். பெரும்பாலும் கருந்திராட்சைக்கும் சாறு வெள்ளைதான். தோலோட ஊறப்போட்டாத்தான் நெறம் எறங்கும், கூடவே தோலுலயும் வெதையிலயும் இருக்குற டானினும் எறங்கும். அது எச்சில்ல உள்ள புரதத்தைப் போய்ப் பிடிச்சுக்கிருது. எச்சிலோட வழுவழுப்பு போய் வாய் வறண்டுருது. கொழுத்த கறியோட குடிச்சா டானினுக்குப் பிடிக்க வேற ஆளு கெடைச்சிரும், உன் நாக்கை விட்டுரும். வாயில படிஞ்ச கொழுப்பையும் ஒயினு கழுவி விட்டுரும். கறிக்கும் லாபம், ஒயினுக்கும் லாபம். குளிர்காலத்துல இந்த ஊர்க்காரன் சட்டி நெறையக் கொழுத்த கறியும் பக்கத்துல செவப்பு ஒயினும் வச்சுக்கிட்டது சும்மா பவிசுக்கு இல்லை.

பெரியவருக்கு பெஃப் பூர்கின்யோன் வைக்கப்போறதா தாயி சொல்லுச்சு. மாட்டுக்கறி. தம்பி அதெல்லாம் தொடவே மாட்டான்னு உங்கம்மா ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறா. எங்க அக்கா நெனப்பை நாம ஏன் கெடுக்கணும்? போன் பேசுறப்ப வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.

அந்தச் சமையலை நான் அடுப்படியில பக்கத்துல நின்னே பாத்திருக்கேன். தடிச்ச துண்டமா வெட்டுன கறியைப் பன்றிக் கொழுப்புல செவக்க வறுக்கணும். சட்டியடியில பிடிச்சதை ஒயின் ஊத்திச் சொரண்டி விடணும். காரட்டு, பொடி வெங்காயம், காளான், தைம் எலை. மூடி போட்டு இளந்தீயில ரெண்டரை மூணு மணி நேரம். மொத மணி நேரத்துல வீடு பூராப் புளிச்ச வாடை அடிக்கும், ஐயையோ கெட்டுப்போச்சான்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். மூடியைத் தொறக்காத. பொறவு கறியில உள்ள பசை கரைஞ்சு, கொழம்பு கருஞ்செவப்பாத் தடிச்சு, கரண்டி முதுகுல ஒட்ட ஆரம்பிக்கும். அப்பத்தான் அடுப்படிப் பக்கம் உன்னை நான் பாப்பேன், அதுவரைக்கும் நீ வர மாட்ட.

முழுசா ஒரு பாட்டில் ஊத்துனாத்தான் அது பூர்கின்யோன். கொதிச்சா போதை எல்லாம் பறந்துரும்னு நெனைக்காத. ரெண்டரை மணி நேரம் கொதிச்சாலும் நூத்துக்கு அஞ்சு பங்கு தங்கும்னு அமெரிக்க விவசாயத் துறைக் கணக்கு. கால் மணி நேரத்துல எறக்குனா நாப்பது பங்கு நிக்கும். உன் புள்ளைக்கு வேற கொழம்பு வச்சிரு. சட்டியில ஊத்துறதுக்குன்னு வெலை ஒசந்த பாட்டிலை ஒடைச்சிராத. கொதிக்கிற சட்டிக்கு லேபிள் படிக்கத் தெரியாது. குடிக்கக் கூசாத ஒயினா இருந்தா போதும். நல்ல பாட்டில் மேசைக்கு. பூர்கோன் சீமைச் சமையலுக்கு அந்தச் சீமையோட பினோ நுவார். அந்தத் திராட்சைக்குத் தோலு மெலிசு, டானினும் கம்மி. ஆனா புளிப்பு தூக்கலா நிக்கும், பஞ்சா வெந்த கறிக்கு அதுதான் வேணும்.

பினோவுக்கு வெலை கேட்டு மூச்சு முட்டுச்சுன்னா, அதுக்குப் பங்காளி காமே இருக்கு. இது சம்சாரி பயிரு. சீக்கிரம் பழுக்கும், அள்ளிக் குடுக்கும். 1395-ல பூர்கோனை ஆண்ட டியூக் பிலிப்பு இதைப் பொல்லாத பயிருன்னு திட்டி, கொடியை எல்லாம் வெட்டி எறியச் சொல்லி ஆணை போட்டான். சம்சாரிக்கு நல்லா வெளையிற பயிரு மேலதான் அரமனைக்குக் கோவம் வரும். காமேயும் போனா போன்னு தெக்க, நம்ம லியோனுக்கு வடக்க உள்ள போஜோலே கிரானைட் மண்ணுல வேர் பிடிச்சு நின்னுருச்சு. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை கடை கடையாப் பேனர் கட்டிப் புது ஒயின் வித்தாகளே, அது இதுதான். கொலையை நசுக்காம கார்பன் டை ஆக்சைடு தொட்டியில அடைச்சு வச்சு சட்டுன்னு பண்றது. வாழைப்பழ வாசனை அடிக்கும். சிரிச்சுக் குடிக்கலாம், விருந்துக்கு வைக்க முடியாது. விருந்துன்னா அதே போஜோலேயில மோர்கோன், முலாங் ஆ வான்னு தனிப் பேரு போட்ட பாட்டிலைத் தேடு. அதுல கனம் உண்டு.

லியோன்ல பூஷோன்னு சொல்ற சாப்பாட்டுக்கடைக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போனியே, அங்க என்ன வித்தாக? குடலு. வேக வச்ச குடலை ரொட்டித்தூள்ல பொரட்டிப் பொரிச்சு, சீமைப்பேரு வச்சு விக்கிறாக. நம்ம ஊர்ல சந்தைக்கடைப் பெஞ்சுல உக்காந்து திங்கிறப்ப மூக்கைச் சுழிச்ச பய, இங்க துணி விரிச்ச மேசையில இன்னொரு தட்டு கேட்ட. அதோட குடுத்தாகளே போஜோலே, 46 சென்டிலிட்டர் பாட்டில்ல, அதுதான் பொருத்தம். அந்தப் பாட்டிலோட அடி எம்புட்டுத் தடிமன்னு பாத்தியா? இந்த ஊரு கடைக்காரன் எனக்கே அண்ணன்.

ஆட்டுக்கறிக்கு வா. லியோனுக்குத் தெக்க, ரோன் ஆத்துக் கரையோரம் கோத் ரோத்தி மலைச்சரிவைக் காட்டுனியே. படிப்படியாக் கல்லடுக்கி, ஒவ்வொரு கொடிக்கும் ஊனுகோல் நட்டு வச்சிருக்கான். நம்ம ஊர்ல பந்தலை அண்ணாந்து பாக்கணும், கவாத்து அடிச்சு அடிச்சு வருசம் பூராக் கொடியை வேலை வாங்குவோம். இங்க குளிர்ல எலை பூரா உதுத்துட்டு வெறும் கட்டையா நின்னு தூங்குது. கொடுத்து வச்ச கொடி. நம்ம பன்னீர் திராட்சையை 1832-ல ஒரு பிரெஞ்சு சாமியாருதான் கொண்டாந்தாருன்னு சொல்வாக. அதுக்கு 2023-ல புவிசார் குறியீடும் கெடைச்சிருச்சு. அவரு வந்து நம்மளுக்குக் கொடி குடுத்தாரு, நான் வந்து இவுகளுக்கு என்ன குடுக்கட்டும்? யோசனைதான்.

அந்தக் கோத் ரோத்திச் சரிவுல வெளையிறது சிராங்குற திராட்சை. மோந்து பாத்தவொடனே "மிளகு"ன்னேன், நீ சிரிச்ச. மிளகு வாசனைக்குக் காரணமான ரொட்டன்டோன்னு ஒரு சரக்கு சிராவுலயும் இருக்குன்னு 2008-ல ஆஸ்திரேலியாக்காரக கண்டுபிடிச்சு எழுதியே வச்சிருக்காக. அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அது மூக்குல ஏறவே ஏறாதாம். குமுளி மலை மிளகு மூடைக மேல படுத்து எந்திரிச்சவன் நான். நீ அந்த அஞ்சாவது ஆளுன்னு நெனைக்கிறேன். ரோஸ்மேரி போட்டுச் சுட்ட ஆட்டுத்தொடைக்கு இந்த சிராவை விட்டா வேற கெடையாது. கோத் ரோத்தி கைக்கு எட்டாட்டி, இன்னும் தெக்க க்ரோஸ் எர்மிதாஜ் வாங்கு, பாதி வெலைக்குள்ள முடியும். அதையும் தாண்டிப் போனா ஷாதோநெஃப் து பாப். 1954-ல அந்த ஊர் மேயரு, பறக்கும் தட்டு எங்க ஊர்த் தோட்டத்துல எறங்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாரு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் எறங்கலை. நம்ம ஊர்ல காட்டுப்பன்னிக்கு அப்பிடி ஒரு சட்டம் போட ஆளு இல்லை.

வாத்துக்கறியும் பன்னித் தொத்திறைச்சியும் வெள்ளை மொச்சையும் போட்டுச் சுடுற காசுலே வச்சா, மதிரான், காவோர் மாதிரி முரட்டு ஒயினா எடு. டானின் கடப்பாறையாட்டம் நிக்கும், அந்தக் கொழுப்பு ஒண்ணுதான் அதை அடக்கும்.

ஆனா போன வாரம் பாலாடைக்கட்டியை உருக்கி உருளைக்கெழங்கு மேல ஊத்துற ராக்லெத் வச்சப்ப, போர்தோ செவப்பைத் தொறந்தியே, அதைத்தான் மன்னிக்க முடியலை. வாயெல்லாம் கசந்து, விருந்தாளிக தண்ணியைத் தண்ணியைக் குடிச்சாக. சாவுவா மலைநாட்டுக்காரன் அதுக்கு அவன் ஊரு வெள்ளை ஒயினைத்தான் தொடுவான். குளிருன்னா செவப்புன்னு யாரு உனக்குச் சொன்னா?

நம்ம வீட்டு மட்டன் சுக்காவுக்கு இந்தச் சட்டமெல்லாம் செல்லாது. காரம் பட்ட நாக்குல ஆல்கஹால் எரிச்சலைத்தான் கூட்டும், டானின் அதோட சேந்துக்கிட்டு ஆடும். 14.5 சதவீதம்னு போட்ட பாட்டிலை ஞாயித்துக்கிழமை சுக்காவோட குடிச்சுட்டுக் கண்ணுல தண்ணி விட்டியே, ஊர் நெனப்புன்னு தாயி பாவம் நம்பிருச்சு. 12 சதவீதத்துல காமேயை நல்லாக் குளிர வச்சுக் குடி.

சனிக்கிழமைக்குக் கணக்கைச் சொல்றேன், எழுதிக்க. சட்டிக்கு ஒரு பாட்டில், மேசைக்கு பினோ நுவார் ரெண்டு. சந்தேகத்துக்கு மோர்கோன் ஒண்ணு, அதை எம் பக்கம் வச்சிரு. ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸுக்கு மேல வேண்டாம், தினமும் வேண்டாம்னு இந்த நாட்டு சுகாதாரத் துறையே சொல்லுது, நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ரெண்டே கிளாஸ்தான். அவுக சொல்ற கிளாஸு 100 மில்லி, உன் அலமாரியில இருக்குற பலூன் கிளாஸு அரை லிட்டர் பிடிக்கும், ஆனா அந்த வித்தியாசம் தாயிக்குத் தெரியாது. மிச்சம் இருந்தா கார்க்கை அடைச்சு ஃப்ரிட்ஜுல வை, ரெண்டு மூணு நாள் தாங்கும். மிச்சம் இருந்தாத்தானே.