உட்கார ஒரு சட்டம்

உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகாது என்பதை நம் ஜவுளிக்கடை முதலாளிகள் டாக்டர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் விற்பனைப் பெண்களுக்கு ஒரு முக்காலிகூடப் போடாமல் வைத்திருந்தார்கள். அந்த அக்கறையைப் பொறுக்காத தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. கேரளம் 2018-லேயே முந்திக்கொண்டது.

டாக்டர்கள் பக்கம் வந்தால், 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு இதயநோய் அதிகம். படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்குக் குறைவு. மனிதர் மதுரைப் பெரியார் பஸ் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும். இங்கே நடத்துநர் பின்சீட்டில் அமர்ந்தபடி, “அண்ணே, காசை வாங்கிக் குடுங்க” என்பார். இதயம் பலப்படுவது பயணிகளுக்குத்தான்.

விளக்குத்தூண் பக்கம் ஏதாவது கடைக்குள் போய்ப் பாருங்கள். கல்லாவில் அமர்ந்த முதலாளி இரவு வரை எழுவதில்லை. அசையாத கால் தசை ரத்தத்துச் சர்க்கரையைச் சரியாக இழுக்காது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவரும் மறக்கவில்லை. மணிக்கொரு தரம், “பாப்பா, சும்மாதான நிக்கிற, ஒரு டீ சொல்லிட்டு வா” என்கிறார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவருடைய பங்கையும் சேர்த்து அந்தப் பெண்ணே நடந்துவிடுகிறாள். நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது தனிக்கணக்கு, அது கல்லாவில் ஏறாது.