கரை தாண்டாத மாலுமி

சியாட்டில் நகரத்துக்குக் கிழக்கே, வாஷிங்டன் ஏரிக்கு அக்கரையிலுள்ள ரெட்மண்ட், பெல்வியூ முதலிய ஊர்களில், கணினி உத்தியோகத்தின் நிமித்தம் குடியேறி, வீட்டுக் கடனையும் பெற்றோரின் விசாவையும் ஒருவாறு ஒழுங்குபடுத்தி முடித்து, இனிச் சாதிக்க வேண்டியது யாது என்று சுற்றுமுற்றும் பார்க்கிற பிராயத்தை எய்திவிட்ட தமிழ்க் கனவான்களிடையே, சமீப காலமாக ஒரு தனி ரகம் தலையெடுத்திருக்கிறது. அந்த ரகத்தாரைக் கண்டுகொள்வது சுலபம். அவர் வீட்டுக் கார் கொட்டகையில் கயாக் என்னும் ஒற்றையாள் படகு ஒன்று, தண்ணீரையே அறியாத கன்னித் தன்மையோடு, உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கும். அது எப்போது ஏரியைப் பார்க்கும் என்று யாராவது கேட்டால், “ஜி.பி.எஸ். இன்னும் அமையலை சார்” என்று, பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனாரின் குரலில் பதில் வரும்.

இவரைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ எண்ணுவது அபசாரம். நீந்தத் தெரிந்தவர், மிதவை அங்கி, துடுப்பு, இடுப்பைச் சுற்றி நீர் புகாமல் காக்கும் பாவாடை, எல்லாம் உரிய அளவில் வாங்கி வைத்திருப்பவர். கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி எது என்ற ஒரே பிரச்சினைதான் அவரைக் கரையில் நிறுத்தியிருக்கிறது. இதில் வருந்தத்தக்க விஷயம் என்னவென்றால், அவருடைய சந்தேகங்களில் ஒன்றுகூட அசட்டுத்தனமானதல்ல. ஒன்றாவது அசட்டுத்தனமாக இருந்திருந்தால், அவருடைய மனைவியார் அதை ஒரு நிமிஷத்தில் தகர்த்து, மறு வாரமே மனிதரைத் தண்ணீரில் இறக்கியிருப்பார். நியாயமான சந்தேகங்களை வரிசையாக வைத்திருப்பவரை அசைக்க யாரால் முடியும்?

முதற் சந்தேகம் மிதப்பது பற்றியது. ஐ.பி.எக்ஸ். 7 என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கருவிக்குள் நீர் புகாது என்று அர்த்தம். நல்லது, ஆனால், மிதக்காத கருவி கைதவறி விழுந்தால் அது ஒரு மீட்டரில் நின்றுகொண்டு அரை மணி நேரம் நமக்காகக் காத்திருக்குமா என்பது அவர் கேள்வி. கார்மின் கம்பெனியின் இடிரெக்ஸ் மலிவானது, கைக்கு அடக்கமானது, ஆனால் மூழ்கிவிடும். அதே கம்பெனியின் ஜி.பி.எஸ். மேப் 78 மிதக்கும், ஆனால் சற்றுத் தடிமன். மிதக்கும் என்று கம்பெனி சொல்வதை அப்படியே ஏற்பவரா அவர்? நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கருவியைச் சோதிக்க, குளியல் தொட்டியை நிரப்பி, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் சமையலறை உப்பையெல்லாம் கரைத்து, சாக்ஷாத் சமுத்திரத்தையே வீட்டுக்குள் வரவழைத்தார். பிறகுதான், பியூஜெட் சவுண்ட் என்னும் அந்தப் பக்கத்துக் கடற்கழியில் ஆறுகள் பல வந்து கலப்பதால் அங்கே உப்பு சற்றுக் குறைவு என்பது நினைவுக்கு வந்தது. உப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகையால் பாதித் தொட்டியை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்த்தார். கருவி இரண்டு விதமான நீரிலும் மிதந்தது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை.

தொடுதிரையா, பொத்தானா என்ற வாதத்தை அவர் விரைவிலேயே தீர்த்துக்கொண்டார் என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். நீர்த்துளி பட்டால் தொடுதிரை அதை விரல் என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ தாவும். குளிருக்குப் போட்ட கையுறையையோ விரல் என்றே ஒப்புக்கொள்ளாது. ஆகவே பொத்தான்தான். ஆனால் மின்சக்தி விஷயம் இன்னும் முடிந்தபாடில்லை: 78-இல் பென்சில் பாட்டரி இரண்டு போட்டால் போதும், தீர்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதே வரிசையில் 2019-இல் வந்த 86-இலோ மின்னூட்டிக்கொள்ளும் பாட்டரி உள்ளேயே இருக்கிறது, மூடியைத் திறக்கவேண்டாம், உப்புக் காற்று உள்ளே போகாது. நடுக்கடலில் பாட்டரி மாற்றும் இடர் பெரிதா, நடுக்கடலில் மாற்றவே முடியாத இடர் பெரிதா? தர்ம சாஸ்திரங்களில் இதற்கு விடையில்லை.

அவருடைய ஆராய்ச்சி உச்சத்தை எட்டுவது நீரோட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான், அப்போது கேட்பவர் ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்வது நலம். படகின் முகம் நோக்கும் திசை ஒன்று, படகு உண்மையில் நகரும் திசை வேறொன்று என்பதையும், குறுக்கே ஓடும் நீரில் இலக்கை நேரே பார்த்துத் துடுப்புப் போடுகிறவன் வில்லாக வளைந்த பாதையில்தான் போய்ச் சேருவான் என்பதையும், திசைமானி முன்னதைச் சொல்ல, ஜி.பி.எஸ். பின்னதைச் சொல்வதால், இரண்டையும் ஒத்துப் பார்த்துப் படகைச் சரிவாகத் திருப்பிக்கொள்வதே அறிவுடைமை என்பதையும் அவர் சாங்கோபாங்கமாக விளக்குவார். அத்தனையும் உண்மை. உதாரணத்துக்கு அவர் எடுப்பது, வடக்கே விட்பி தீவின் முனையிலுள்ள டிசெப்ஷன் பாஸ் என்னும் ஜலசந்தி. 1792-இல் அங்கே வந்த வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமி, தீவைத் தீபகற்பம் என்று நம்பி ஏமாந்து, ஏமாற்றத்தையே அந்த ஜலசந்திக்குப் பெயராகச் சூட்டிச் சென்றார். “அவர் கையில் ஒரு 78 இருந்திருந்தால்!” என்று நம்மவர் பெருமூச்சு விடுவார். அந்த இடுக்கில் நீரோட்டம் எட்டு நாட் வேகம் வரை போகும். துடுப்புப் போடுகிறவர் மூச்சைப் பிடித்துப் போட்டாலும் நான்கு நாட். அங்கே எதிர்த்துப் போகிறவர் மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பின்னோக்கிப் போவார் என்பதைக் கருவி வெகு துல்லியமாகக் காட்டும் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பக்திப் பரவசம் தெரியும்.

இத்தனைக்கும் 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில், அமெரிக்க ராணுவம் பொதுஜனங்களுக்கு எட்டும் சமிக்ஞையை வேண்டுமென்றே நூறு மீட்டர் அளவுக்குப் பிசகச் செய்து வைத்திருந்தது. ஜனாதிபதி கிளின்டன் அதை நிறுத்திய பிறகுதான் சாமானியருக்கும் பத்து மீட்டருக்குள் தம் இருப்பிடம் புலப்பட்டது. கிரீன்லாந்து வேட்டைக்காரர்களோ சீல் தோல் போர்த்த கயாக்கில், பனிக்கட்டிகளுக்கு நடுவே, பத்து மீட்டரும் தெரியாமல் நூறு மீட்டரும் தெரியாமல் போய்த் திரும்பினார்கள். இதை நான் பிரஸ்தாபித்தபோது, “திரும்பாதவங்க கணக்கு உங்க கிட்ட இருக்கா சார்?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

இவருடைய வித்தை வீணாகிறது என்று யாரும் இரங்கவேண்டாம். கயாக் வாங்கப்போகும் வட்டாரத்து இளைஞர்கள் எல்லோரும் முதலில் இவர் வீட்டுப் படியைத்தான் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு இவர் அரை மணியில் ஒரு கருவியைத் தேர்ந்து கொடுக்கிறார். கருவியை ஒரு கயிற்றால் அங்கியில் கட்டிக்கொள்ளவும், புறப்பட்ட கரையை முதலிலேயே குறித்து வைக்கவும், கருவி செத்துப்போனால் உதவ ஒரு காகிதக் கடற்படமும் திசைமானியும் மறவாமல் எடுத்துப் போகவும் உபதேசிக்கிறார். அவர்கள் சான் வான் தீவுகள் வரை போய், மூடுபனியில் அகப்பட்டு, இவர் சொன்னபடி நடந்து பத்திரமாகத் திரும்பி, நன்றியோடு புகைப்படங்கள் காட்டுகிறார்கள். தமக்கு மட்டும் ஏன் அந்த அரை மணித் தீர்ப்பு வாய்க்கவில்லை என்று கேட்டால், “அவங்க தேவை வேற சார், நம்ம தேவை வேற” என்பார். அந்தத் தேவை இன்னதென்று அவர் இதுவரை வெளியிட்டதில்லை.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, புதிய கருவி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து வர அவர் கடைக்குப் போயிருந்த சமயம், அவருடைய மனைவியார் அண்டை வீட்டம்மாளின் துணையோடு கயாக்கை இறக்கிக் காரின் மேல் கட்டிக்கொண்டு, சம்மாமிஷ் ஏரிக்குப் போய்விட்டார். பதினொரு கிலோமீட்டர் நீளமான அந்த ஏரி அகலத்தில் குறுகியது. எங்கிருந்து பார்த்தாலும் இரண்டு கரை வீடுகளும் தெரியும். மாலையில் நம்மவர் திரும்பியபோது கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. நான் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்ததால், அதன்பின் நடந்த சம்வாதத்தைக் காதாரக் கேட்டேன்.

“எது வரைக்கும் போனே?”

“அந்தக் கரை வரைக்குங்க. சுகமா இருந்துச்சு.”

“அந்தக் கரைன்னா? அட்சரேகை, தீர்க்கரேகை ஏதாவது பார்த்தியா?”

“பச்சைக் கூரை போட்ட வீடு ஒண்ணு இருக்கே, அதுக்கு நேரே போய்த் திரும்பினேங்க.”

அவர் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். சிறிது நேரத்தில், செயற்கைக்கோள் எடுத்த ஏரியின் படத்தைக் கணினியில் விரித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“இதுல பச்சைக் கூரை நாலு தெரியுது. எது?”