பாய்மரம் மாற்ற வந்தவர்கள்

பள்ளி மாணவி, லுணுகலை: கடலே தெரியாத ஊரிலிருந்து பாய்க்கப்பலைப் பற்றிக் கேட்கலாமா?

தாராளமாக! உங்கள் ஊர் பஸ் ஓடும் வீதி பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் போய் முடிகிறது. அதற்கப்பால் மட்டக்களப்புக் கடல்தான்.

தேயிலைத் தொழிற்சாலை பிட்டர், லுணுகலை: ரோலர் நின்றால் கொழுந்து காத்திருக்காது, நின்ற இடத்திலேயே சரிசெய்கிறோம். கப்பற்காரர் மட்டும் ஏன் துறைமுகம் தேடுகிறார்?

அவரும் முதலில் உங்களைப் போலத்தான். கிழிந்த பாயைத் தைப்பார், அறுந்த கயிற்றை முடிவார். ஆனால் உங்கள் ரோலருக்குக் கீழே தரை ஆடுவதில்லை. 2018இல் இந்தியக் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றித் திரும்பும் வழியில் ஸ்டியரிங் பழுதானது. திட்டத்திலேயே இல்லாத மொரிஷியஸின் போர்ட் லூயிக்குப் போய்ச் சரிசெய்துகொண்டுதான் கோவா வந்தார்கள். இதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பசறை: பழுதுபார்க்க இலங்கைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயல். 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பலைக் காப்பாற்ற அதன் பெரிய பாய்மரத்தையே வெட்டிவிட வேண்டியதாயிற்று. புது மரம் நாட்டவும், அப்படியே கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் மூதூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கப்டன் ராபர்ட் நாக்ஸை இரண்டாம் இராஜசிங்க மன்னரின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்கள் மொத்தம் 16 பேர்.

பிடிபட்டவர்களில் ஒருவனான, அதே பெயர் கொண்ட மகனுக்கு அப்போது வயது 19. தகவல் சொல்ல அவனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். ஏறியவன் அப்படியே போயிருக்கலாம், போகவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கரைக்குத் திரும்பி வந்தான். கப்பல் போய்விட்டது. அடுத்த பெப்ரவரியில் காய்ச்சலில் அப்பா இறந்தார். அடக்கம் செய்ததும் மகன்தான். பிறகு தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தான். ஊர் ஊராகப் பொருள் விற்கப் போன சாக்கில் வடக்கே போகும் வழியைப் பழகிக்கொண்டு, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினான். பாய்மரம் நாட்ட வந்த இடத்தில் 19 வருடங்கள்! எத்தனை தடவை படித்தாலும், அவன் கரைக்குத் திரும்பிய அந்த இடத்தில் என் மனசு நின்றுவிடுகிறது.

தோட்ட மருத்துவ உதவியாளர், மடுல்சீமை: மாலுமிகளின் உடம்பு தேறுவது எப்படி?

முதல் மருந்து தூக்கம். இந்தியக் கடற்படையின் புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் இரண்டே பேராக அதே தாரிணியில் உலகைச் சுற்ற 2024 ஒக்டோபர் 2இல் கிளம்பி 2025 மே 29இல் திரும்பினார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். இடையில் நான்கு துறைமுகங்களில்தான் ஒழுங்கான உறக்கம். அடுத்த மருந்து சாப்பாடு. அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கி இரத்தம் கசியும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றிக் காட்டினார்.

இளைஞர், லுணுகலை: இப்படிப்பட்ட படகுகளை நேரில் பார்க்க முடியுமா?

காலி துறைமுகத்துக்குப் போங்கள். தாய்லாந்துப் பக்கமிருந்து மேற்கே போகும் பாய்ப்படகுகள் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே தங்கி, தண்ணீர் நிரப்பி, பாய் தைத்துக்கொண்டு போவது வழக்கம். தை, மாசி நல்ல மாதங்கள். கோட்டை மதிலிலிருந்தே துறைமுகம் தெரியும்.