மஞ்சளாறு-இல் வெள்ளம்

ஸ்வீடன்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மொத்தமே ஒரு கோடிச் சொச்சம் பேர். ஸ்வீடிஷ்தான் நாட்டின் முதன்மை மொழி என்று சட்டம் போட வேண்டும் என்பதே அவர்களுக்கு 2009இல்தான் உறைத்தது. நாம் 1956லேயே ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேற்றிவிட்டோம். அந்தக் களைப்பில்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மொழிப்பற்றே இல்லாத அந்த மக்கள் செய்து வைத்திருக்கும் ஒரு காரியத்தைக் கேளுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் விக்சனரியில், கார் என்று பொருள்படும் 'பீல்' என்ற ஸ்வீடிஷ் சொல்லைத் தேடினால் ஓர் அட்டவணை வரும். எட்டே கட்டங்கள். பீல், பீலென், பீலார், பீலார்ணா; உடைமைக்கு நான்கின் வாலிலும் ஒரு 'ஸ்'. சொல்லை ஏற்றுகிறவர் அது எந்த வகைப் பெயர் என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும், மிச்சத்தை வார்ப்புரு நிரப்பிக்கொள்ளும். அவ்வளவுதான். மாநாடு இல்லை, பொன்னாடை இல்லை, பட்டிமன்றம் இல்லை. எப்படித்தான் வாழ்கிறார்களோ.

இனி நம் பெருமைக்கு வருவோம். பெயர்ச்சொல் எட்டு வகையாக வேறுபடும் என்று தொல்காப்பியரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று தலையாட்டி ஒப்பிக்காத தமிழ்ப்பிள்ளை இல்லை. தமிழ் விக்சனரி 2004இல் தொடங்கி இன்றைக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களோடு நிற்கிறது. அதில் பெரும்பங்கு, இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொற்களைத் தானியங்கி வைத்து ஏற்றியது. பெரும்பாலான பக்கங்களில் பொருள் இருக்கும். அந்தச் சொல் ஒரு வாக்கியத்துக்குள் போனால் என்ன உருவம் எடுக்கும் என்பது இருக்காது. அதைப் பார்க்க ஆங்கில விக்சனரிக்குப் போக வேண்டும். அங்கே தமிழ் 'மரம்' பத்துக்கும் மேற்பட்ட வரிசைகளில் வேற்றுமை ஏற்று நிற்கிறது: உடைமைக்கு இரண்டு வரிசை, இடத்துக்கு இரண்டு, உடனிகழ்ச்சிக்கு இரண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டில் சோறு. அதற்கும் வெட்கப்படாமல், உலகமே தமிழைக் கொண்டாடுகிறது என்று ஒரு கட்டுரை எழுதிவிடுவோம்.

விக்சனரியில் ராத்திரி கண்விழித்து இலவசமாக உழைக்கிற நாலு பேரை நான் சொல்லவில்லை. அவர்களும் இல்லையென்றால் அந்தப் பொருளும் இருந்திருக்காது. நான் கேட்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு தமிழ் வளர்க்கிறவர்களை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வினைச்சொல்லுக்கு எந்த வாய்பாடு என்று எண் போட்டுக் கொடுத்தது, பெயருக்குப் பெயர் என்று மட்டும் போட்டு விட்டுவிட்டது. அந்தக் காலம், அச்சுக் காகிதம், மன்னிக்கலாம். 1974இல் பாவாணர் தலைமையில் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி, 31 பகுதிகளாக முடிந்தது. சொல் எங்கே பிறந்தது என்று சொல்ல இத்தனை பகுதி. இன்றைக்கு அது எப்படி நடக்கிறது என்று சொல்ல ஒரு பக்கம் இல்லை. 2004இல் செம்மொழிப் பட்டம், 2010இல் கோவையில் மாநாடு, அரசின் சொற்குவை இணையதளத்தில் லட்சக்கணக்கில் சொற்கள். பெற்றுப் போடுவதில் நமக்கு நிகர் யாரும் இல்லை. நடக்கக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இதனால் யார் குடி கெட்டது என்று கேட்பீர்கள். எங்கள் கெங்குவார்பட்டிக்கு வாருங்கள். தெரிந்தவர் ஒருவர் மகனுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். எந்த அலுவலகம் என்று எதற்குச் சொல்ல வேண்டும், எங்கேயும் இதே லட்சணம்தான். 'பெரியகுளம் வட்டம்-ஐச் சேர்ந்த கெங்குவார்பட்டி-இல் வசிக்கும் விக்ரம்-க்கு' என்று அச்சாகியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது: "இதென்னண்ணே, நடுவுல நடுவுல கோடு போட்டு வச்சிருக்காய்ங்க? அந்த எடத்துல கையெழுத்து வாங்கணுமோ?"

கையெழுத்து இல்லையப்பா, அது கணினி கைவிட்ட இடம். கட்டம் போட்ட படிவத்தில் ஊர்ப் பெயரை ஒரு பக்கத்திலிருந்தும் உருபை இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுகிற இடத்தில் என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அட்டவணை கிடையாது. ஆகவே ஒரு கோடு. கோடு போட்டால் பொறுப்பு இல்லை.

சரி, விதி எழுதித்தான் பார்ப்போமே என்று ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மகரம் போய் அத்துச் சாரியை வரும்: மரம், மரத்தை, பெரியகுளம், பெரியகுளத்தை. அதையே விதியாக எழுதி ஓட்டினால் விக்ரம் 'விக்ரத்தை' ஆகிவிடுவான். மாடு மாட்டை ஆகும், பட்டு பட்டை ஆகும், பசு பசுவை ஆகும். எழுத்தில் மூன்றுக்கும் கடைசியில் ஒரே உகரம்தான். 'ஆறு' இருக்கிறதே, அது தனிக்கதை. நதியானால் ஆற்றில், எண்ணானால் ஆறில். ஆறில் ஒரு பங்கு என்றால் அந்தக் காலத்து ராஜா வாங்கிய வரி; ஆற்றில் ஒரு பங்கு என்றால் இந்தக் காலத்து மணல் ஒப்பந்தம். ஆகவே ஒரே சொல்லுக்கு இரண்டு அட்டவணை வேண்டும்.

கணினிக்குள்ளே இன்னொரு சங்கடம். நாம் 'ம்' என்று ஓர் எழுத்தாக நினைப்பது யூனிகோடில் இரண்டு: மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'மரம்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு நான்கு. கடைசி எழுத்தை வெட்டு என்று சொன்னால் அது புள்ளியை மட்டும் வெட்டிவிட்டு 'மரம' என்று நிற்கும். மாடு மாட்டை ஆக, உகரக் குறியைக் கழற்றி, புள்ளி வைத்து, இன்னொரு டகரம் சேர்த்து, ஐகாரக் குறி போட வேண்டும். 2013இலிருந்து விக்கித் திட்டங்களில் லுவா என்ற நிரல்மொழி இருக்கிறது. இதையெல்லாம் எழுத முடியும். முடியாத காரியம் இல்லை, கைதட்டல் கிடைக்காத காரியம். நம் ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

அதையும் மீறி ஒருவன் அட்டவணை போட்டுக் கொண்டுவந்தான் என்று வையுங்கள். உடனே தனித்தமிழ்க் காவலர் ஒருவர் முளைப்பார். ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' எங்கே என்பார். ஐயா, 'கெங்குவார்பட்டியின்கண்' என்று கடைசியாகச் சொன்னவர் யார்? 'இடம்' என்பதை உருபாகச் சேர்க்கலாமா என்று கேட்டால், மரபு அழிகிறது என்று அறிக்கை விடுவார். எட்டு என்ற வரிசையே வடமொழி இலக்கணத்தின் அச்சில் வார்த்தது, தமிழுக்குப் பொருந்தவில்லை என்று கால்டுவெல் 1856இலேயே எழுதிவிட்டார். அவருக்குக் கடற்கரையில் சிலை வைத்தோமே தவிர, அவர் சொன்னதை எடுத்து வைத்துப் பேசி முடிக்கவில்லை. இன்னொருவர் வருவார், மென்பொருள் துறையில் பெரிய சம்பளம். தமிழ் நம் ரத்தத்தில் இருக்கிறது, அதற்கு எதற்கு அட்டவணை என்பார், ஆங்கிலத்தில்.

ரத்தத்தில் இருப்பது உண்மைதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கள் ஊர்க் கிழவி, "மஞ்சளாத்துல தண்ணி வருது" என்பாளே ஒழிய, வாய் தவறியும் "மஞ்சளாறுல" என்று சொல்லமாட்டாள். அந்த அட்டவணை முழுக்க அவள் நாக்கில் இருக்கிறது. அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு துறைக்கும் நேரமில்லை. மழைக்காலத்தில் மஞ்சளாறு அணை நிரம்பினால் தேவதானப்பட்டியிலிருந்து வத்தலகுண்டு வரை கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த வேலையையும் கணினியிடம் ஒப்படைத்து, இதே ஒட்டு வேலையில் ஒரு குரல் 'மஞ்சளாறு இல் வெள்ளம்' என்று கைப்பேசியில் படித்தால், வெள்ளம் இல்லையாம் என்று அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவாள்.

1964இல் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்த மொழிக்காகத் தன் மேல் தீ வைத்துக்கொண்டார். அவர் பெயரை மேடைக்கு மேடை சொல்லி ஓட்டு வாங்கியவர்களிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் இரண்டு இலக்கணப் பேராசிரியர், இரண்டு நிரல் எழுதுகிறவர், ஓர் அறை, கொஞ்ச காலத்துக்குச் சம்பளம். ஒரு வரவேற்பு வளைவின் செலவுக்குள் முடிகிற காரியம்.

இத்தனைக்கும் ஒரு வேற்றுமை மட்டும் இங்கே ஒருநாளும் பிசகியதில்லை. எட்டாவது, விளி. தேர்தல் வந்தால் காட்ரோட்டிலிருந்து எங்கள் தெருவரைக்கும் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். தாய்மார்களே, பெரியோர்களே, கெங்குவார்பட்டி வாக்காளப் பெருமக்களே! ஒரு கோடு இல்லை, ஒரு சந்திப்பிழை இல்லை. கொடைப்பொருளில் வர வேண்டிய நான்காம் வேற்றுமைக்கு மட்டும் வாக்குப்பதிவுக்கு முதல்நாள் ராத்திரி வீடுவீடாக ஒரு கவர் வரும். எண்ணிக்கை முடிந்த மறுநாளிலிருந்து ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள்.